எந்த இயந்திரம், எத்தனை மணி நேரம்?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதி குறித்த செய்திகள் பெரும்பாலும் கோடிகளில்தான் வருகின்றன. எந்த நிறுவனம் எத்தனை ஆயிரம் கோடி முதலீடு செய்கிறது, எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பவையே தலைப்புகளாகின்றன. அந்தப் பேராலைகளுக்குத் தாங்கிகளும் உறைகளும் சட்டகங்களும் செய்து கொடுக்கும் பட்டறைகள் திருமுடிவாக்கம், குன்றத்தூர், படப்பை, திருமழிசை என்று சுற்றுவட்டாரம் முழுவதும் பரந்து கிடக்கின்றன. அங்கே இருபது, நாற்பது லட்சங்களில் எடுக்கப்படும் முடிவுகள் செய்தியாவதில்லை. ஆனால், பத்துப் பதினைந்து பேருக்கு வேலை கொடுக்கும் ஒரு பட்டறை நிலைக்குமா, மூடுமா என்பதை அந்த முடிவுகளே தீர்மானிக்கின்றன.

அத்தகைய முடிவுகளில் ஒன்று, தகடு வளைக்கும் இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது. பட்டறைகளில் இதை 'பிரஸ் பிரேக்' என்றும் 'பெண்டிங் மெஷின்' என்றும் சொல்வார்கள். வெட்டிய இரும்புத் தகட்டைக் கீழே உள்ள 'வி' வடிவ அச்சின் மீது வைத்து, மேலிருந்து இறங்கும் கூரிய அச்சால் அழுத்தி மடிப்பதே இதன் வேலை. மின்சாரப் பலகைப் பெட்டி, கணினி அடுக்கு, பேருந்து இருக்கையின் தாங்கி, ஆலைக்குள் பாகங்களை ஏற்றிச் செல்லும் தள்ளுவண்டி என எதை எடுத்தாலும் அதில் மடிக்கப்பட்ட தகடு இருக்கும்.

நான் பொறியாளன் அல்லன், தொழிற்பொருளியல் கற்பித்தவன். என்னிடம் படித்து இன்று பட்டறை நடத்தும் சிலர், வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கைகளை அவ்வப்போது என்னிடம் காட்டுவது உண்டு. இயந்திரத்தின் டன் திறன், துல்லியம், விலை, கிடைக்கும் மானியம் ஆகிய அனைத்தும் அவற்றில் தெளிவாக இருக்கும். மாதத்தில் எத்தனை மணி நேரம் அந்த இயந்திரத்துக்கு வேலை இருக்கும், அந்த வேலையை யார் தருவார்கள் என்ற வரி மட்டும் இருக்காது. இருந்தாலும் அது விருப்பமாக இருக்குமே தவிர கணக்காக இருக்காது. அந்த ஒரு வரி இல்லாததன் விலை மிகப் பெரியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் திறனை எடுத்துக்கொள்வோம். 3 மில்லி மீட்டர் கனமுள்ள சாதாரண எஃகுத் தகட்டை, அதன் கனத்தைப் போல் எட்டு மடங்கு அகலமுள்ள அச்சில் வைத்து வளைக்க, ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 24 டன் விசை வேண்டும். தகடு 6 மில்லி மீட்டராகி, அச்சையும் அதற்கேற்ப அகலமாக்கினால் விசை இரு மடங்காகும். அச்சை மாற்றாமல் தடித்த தகட்டை வைத்தாலோ நான்கு மடங்காகும். துருப்பிடிக்காத எஃகுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விசை வேண்டும். அலுமினியத்துக்குப் பாதி போதும்.

அதாவது, 3 மில்லி மீட்டர் தகட்டை இரண்டரை மீட்டர் நீளத்துக்கு மடிக்கும் பட்டறைக்கு 60 டன் விசை போதும். 100 டன் இயந்திரம் தாராளம். அதே பட்டறை, என்றோ வரக்கூடிய தடித்த தகட்டு வேலைக்காக 160 டன் இயந்திரம் வாங்கினால், அந்த எதிர்பார்ப்புக்கு மாதந்தோறும் தவணை கட்டுகிறது என்று பொருள். பெரிய இயந்திரத்துக்குப் பெரிய மோட்டார் வேண்டும். அதற்கேற்ப மின் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட பளுவும் உயரும். வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் செலுத்த வேண்டிய நிலைக் கட்டணம் அந்தப் பளுவை ஒட்டியே கணக்கிடப்படுகிறது. 2022 கட்டண உயர்வுக்குப் பிறகு தமிழகத்தின் சிறு தொழில் முனைவோர் எதிர்ப்புத் தெரிவித்துப் போராடியது இந்த நிலைக் கட்டணத்துக்காகவும்தான்.

அடுத்து வருவது துல்லியம். நூறு மில்லி மீட்டர் அகலமுள்ள ஒரு மடிப்பு ஒரு பாகை பிசகினால், அதன் நுனி ஏறத்தாழ 1.75 மில்லி மீட்டர் தள்ளிப்போகும். திருகாணித் துளை பொருந்தாது. எஃகு வளைத்த பின் சற்றே பின்வாங்கும் இயல்புடையது. உறுதி கூடிய எஃகு இன்னும் அதிகமாகப் பின்வாங்கும். ஆகவே கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி இயந்திரத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. ஒரே நாளில் பத்து வகைப் பாகங்களைச் சிறு சிறு எண்ணிக்கையில் மடிக்க வேண்டிய பட்டறைக்கு அது செலவைக் குறைக்கும். ஒவ்வொரு மடிப்புக்கும் பின்தடுப்பைக் கையால் நகர்த்தி, சோதனைத் தகடுகளை வீணாக்கும் நேரம் மிச்சமாகும். மெல்லிய தகட்டில் இடைவிடாது வேலை செய்யும் இடத்தில், வளைக்கும் கணத்தில் மட்டும் மின்சாரத்தை இழுக்கும் சர்வோ இயந்திரம் ஹைட்ராலிக் இயந்திரத்தைவிடச் சிக்கனமானது. மாதம் முழுவதும் இரண்டே வகைத் தாங்கிகளை மடிக்கும் பட்டறைக்கோ இந்த இரண்டும் தேவையில்லாமல் போகலாம்.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 40 லட்சம் ரூபாய் விலையுள்ள ஓர் இயந்திரம். 16 லட்சம் ரூபாய் விலையுள்ள எளிய இயந்திரம் ஒன்று. இரண்டுக்கும் முழுத் தொகையும் 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடன் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை முதலாவதுக்குச் சுமார் 87,000 ரூபாய். இரண்டாவதுக்குச் சுமார் 34,800 ரூபாய். மாதம் 200 மணி நேரம் வேலை இருந்தால், விலையுயர்ந்த இயந்திரத்தின் தவணைச் சுமை மணிக்கு 435 ரூபாய். எளிய இயந்திரத்துக்கு 174 ரூபாய். இந்த வேறுபாட்டை வேகத்தாலும் வீணாகாத தகட்டாலும் சிஎன்சி இயந்திரம் ஈடுகட்டிவிடக்கூடும். வேலை 60 மணி நேரமாகச் சுருங்கினால், மணிக்கு 1,450 ரூபாய் ஒருபுறம், 580 ரூபாய் மறுபுறம். அப்போது எந்த வேகமும் ஈடுகட்டாது. ஒரே இயந்திரம்தான், அது லாபமா, சுமையா என்பதை மணி நேரம் தீர்மானிக்கிறது.

இவ்வளவு எளிய கணக்கைப் பட்டறை உரிமையாளர் ஏன் தவற விடுகிறார்? அவருக்குக் கணக்குத் தெரியாததால் அல்ல. அவரைச் சுற்றியுள்ள எல்லா ஏற்பாடுகளும் வேறு பக்கம் தள்ளுகின்றன என்பதே காரணம்.

மானியத்தைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒன்றிய அரசின் கடன் சார்ந்த மூலதன மானியத் திட்டம், ஒரு கோடி ரூபாய் வரையிலான இயந்திரக் கடனில் 15 சதவீதத்தை மானியமாக அளித்தது. பொதுப் பிரிவினருக்கு அது 2020 மார்ச்சோடு நின்றது. தமிழக அரசின் மூலதன மானியம் தகுதியுள்ள இயந்திர மதிப்பில் 25 சதவீதம். 25 சதவீதம் என்றால், மேற்சொன்ன கணக்கில் விலையுயர்ந்த இயந்திரத்துக்கு 10 லட்சம் ரூபாய், எளியதற்கு 4 லட்சம் ரூபாய். இரண்டுக்கும் இடையிலான விலை வேறுபாடு 24 லட்சத்திலிருந்து 18 லட்சமாகக் குறைகிறது. இயந்திரத்தின் விலை உயர உயர உதவி உயர்கிறது. அதில் நடக்கும் வேலை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் உதவி மாறுவதில்லை. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அறிவித்த கடன் உத்தரவாதத் திட்டமும், 100 கோடி ரூபாய் வரையிலான இயந்திரக் கடனுக்கு 60 சதவீத உத்தரவாதம் தருகிறது. இவை வேண்டாதவை அல்ல. ஆனால், இவை இயந்திரம் வாங்குவதை எளிதாக்குகின்றனவே அன்றி, அதை இயக்க வைப்பதில்லை.

இரண்டாவது தள்ளுதல் வாடிக்கையாளரிடமிருந்து வருகிறது. பெரிய ஆலைகளின் கொள்முதல் அலுவலர்கள் பட்டறையைப் பார்வையிட வரும்போது எந்தெந்த இயந்திரங்கள் இருக்கின்றன என்று பட்டியல் கேட்கிறார்கள். பட்டியலில் புதிய இயந்திரம் இருந்தால் ஆர்டர் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கப்படுகிறது. ஆர்டர் தருவோம் என்ற வாய்ச்சொல்லுக்குப் பெரும்பாலும் எழுத்து வடிவம் இருப்பதில்லை. இயந்திரத்தின் தவணையோ ஐந்தாண்டுகளுக்கு எழுத்தில் இருக்கிறது.

இந்த வட்டாரத்தின் வரலாறு இதில் ஒரு பாடம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ - நிசான் 2010-இலும், டைம்லர் 2012-இலும், ராயல் என்ஃபீல்டு 2013-இலும் வந்தன. அவை இன்றும் இயங்குகின்றன. ஆனால், 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, 2014 நவம்பரில் ஆலையை மூடியது. மறைமலை நகரில் ஃபோர்டு 2021-இல் வெளியேற்றத்தை அறிவித்து, அடுத்த ஆண்டில் உற்பத்தியை முடித்துக்கொண்டது. ஒரகடம் கூட்டு ஆலையில் தனக்கிருந்த பங்கை நிசான் 2025-இல் ரெனோவிடம் ஒப்படைத்தது. ஆலையின் பெயர்ப் பலகை மாறாவிட்டாலும் உரிமை மாறலாம். உரிமை மாறும்போது கொள்முதல் பட்டியலும் மாறலாம்.

2009-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆலிவர் வில்லியம்சன், இதற்குப் பொருந்தும் ஒரு கருத்தை விளக்கினார். ஒருவருக்காக மட்டுமே பயன்படும் சொத்தில் முதலீடு செய்தவரின் பேரம் பேசும் வலிமை, முதலீடு செய்த மறுநாளே குறைந்துவிடும். அந்தச் சொத்துக்கு வேறு வாடிக்கையாளர் இல்லை என்பது எதிர்த் தரப்புக்குத் தெரியும். ஒரே காரின் ஒரே பாகத்துக்காகச் செய்த அச்சு அத்தகைய சொத்து. அந்த மாடல் நின்றுவிட்டால் அது பழைய இரும்பு. பொதுவான அச்சுகளோடு வேலை செய்யும் தகடு வளைக்கும் இயந்திரம் அப்படிப்பட்டதன்று; இன்று காருக்கு, நாளை மின்பலகைக்கு, மறுநாள் சூரியசக்தித் தகட்டின் தாங்கிக்கு என்று மாற முடியும்.

மின்வாகனங்கள் பெருகும் காலத்தில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியமாகிறது. பெட்ரோல் வண்டியின் புகைபோக்கிக்குக் குழாய் வளைக்கும் பட்டறைக்கு, மின்வாகனத்தில் அந்த வேலையே இல்லை. அதன் குழாய் வளைக்கும் இயந்திரம் பல விட்டக் குழாய்களுக்கும் அச்சு மாற்றக்கூடியதாக இருந்தால் இருக்கைச் சட்டகத்துக்கோ மருத்துவமனைக் கட்டிலுக்கோ திரும்பலாம். ஒரே குழாய்க்காகக் கட்டப்பட்ட இயந்திரமாக இருந்தால் திரும்ப வழியில்லை. ஆகவே, இயந்திரம் வாங்குபவர் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'என்னுடைய பெரிய வாடிக்கையாளர் போய்விட்டால் இது வேறு எதற்குப் பயன்படும்?' என்பதுதான்.

இவற்றைவிடக் கனமான ஒரு கணக்கும் உண்டு. அதைத் தொழிலாளியின் விரல்களில் பார்க்க வேண்டும். புது இயந்திரத்துக்கு வசதியில்லாதவர் பழைய இயந்திரத்தை வாங்குகிறார். பழைய ஹைட்ராலிக் இயந்திரத்தை நன்கு சோதித்து வாங்கினால் அதில் தவறில்லை. ஆனால், சுழல்சக்கரத்தில் இயங்கும் மிகப் பழைய வகை இயந்திரங்கள் சிலவற்றில் கிளட்ச் ஒருமுறை பிடித்துவிட்டால் சுற்று முழுவதும் முடியும் வரை நிற்காது. இடையில் கை இருந்தாலும் நிற்காது. கை நுழைந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரையைப் பின்னர் பொருத்தினாலும் அத்தகைய இயந்திரத்தில் பயனில்லை. நிறுத்தச் சொல்லலாம், நிற்கத்தான் தெரியாது.

வாகன உதிரிபாகத் தொழிலில் விரல்களை இழந்தவர்களைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. பெரும்பாலும் ஹரியாணா வட்டாரத்தைப் பற்றியவை அவை. தகடு வளைக்கும் இயந்திரத்தின் நெருங்கிய உறவான பவர் பிரஸ்தான் அங்கே முதன்மைக் காரணம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள். நம் பட்டறைகளிலும் அந்த வகை இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் முன் நிற்பவர்களும் பெரும்பாலும் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள்தாம்.

சட்டத்தின் போக்கையும் கவனிக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சக்தி பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அந்த எண்ணிக்கை 20. பத்திலிருந்து பத்தொன்பது பேர் வரை வேலை செய்யும் பட்டறைகள் புதிய சட்டத்தின் பொதுவான விதிகளுக்குள் வந்தாலும், தொழிற்சாலை என்ற வரையறையிலிருந்து விலகிவிடுகின்றன. தகடு வளைக்கும் இயந்திரங்கள் மிகுதியாக இருப்பது அந்த அளவிலான பட்டறைகளில்தான். எனவே, பாதுகாப்பை ஆய்வாளரின் வருகைக்கு விட்டுவிடாமல், இயந்திரம் வாங்கும்போதே விலையின் பகுதியாகச் சேர்க்க வேண்டும். ஒளித்திரையும் இரு கை இயக்கப் பொத்தானும் விருப்பப்பட்டால் சேர்க்கும் உபரிகள் அல்ல.

இயந்திரத்தை இயக்குபவரின் திறனும் இதே கணக்கில் சேரும். தமிழக அரசு 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைச் சுமார் 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து நவீனமாக்கியது. அதன் தொடக்க விழா 2023 ஜூலையில் ஒரகடம் தொழிற்பயிற்சி நிலையத்திலேயே நடந்தது. வரவேற்கத்தக்க முதலீடு. அங்கே பயின்று வெளிவரும் இளைஞர் இயல்பாகவே பேராலையின் வாசலை நோக்குகிறார். பட்டறை உரிமையாளர் தாமே கற்றுக்கொடுத்த ஆளும் ஆறு மாதத்தில் அங்கேயே போய்விடுகிறார். சிஎன்சி இயந்திரத்தின் திரையில் பாதி வசதிகள் தொடப்படாமல் கிடக்க, அது சாதாரண இயந்திரமாகவே இயக்கப்படும் பட்டறைகளை நான் கண்டிருக்கிறேன். இயந்திர விலையில் ஒரு பங்கைப் பயிற்சிக்கும், பயின்றவரைத் தக்கவைக்கும் ஊதியத்துக்கும் ஒதுக்காத தேர்வு, பாதித் தேர்வுதான்.

கடைசியாக, பணம் எப்போது கைக்கு வருகிறது என்பது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. 2024 ஏப்ரல் முதல், தாமதமாகத் தரப்படும் தொகையை, அது உண்மையில் தரப்படும் ஆண்டில்தான் வருமான வரிக்குரிய செலவாகக் காட்ட முடியும் என்ற நிபந்தனையும் வந்தது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள், விலைப்பட்டியலின் பேரில் உடனே பணம் பெற உதவும் 'ட்ரெட்ஸ்' மின்தளத்தில் பதிவு செய்யவேண்டும் என்பதும் கட்டாயம்.

சட்டம் போதும், அதைக் கோரும் துணிவுதான் பட்டறைக்கு இல்லை. வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற அச்சம் நியாயமானதே. மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்யும் பட்டறைக்கு 45 நாளில் வரவேண்டிய பணம் 90 நாளில் வந்தால், எப்போதும் 15 லட்சம் ரூபாய் கூடுதலாக வெளியே முடங்கிக் கிடக்கும். மேலே சொன்ன எளிய இயந்திரத்தின் விலை கிட்டத்தட்ட அவ்வளவுதான். மானியமாக 4 லட்சம் ரூபாயை ஒரு கையால் தரும் பொருளாதாரம், தாமதத்தால் 15 லட்சத்தை மறுகையால் பிடித்து வைக்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. இயந்திர மானியத்தின் ஒரு பகுதியை வாங்கிய நாளில் தந்து, மறு பகுதியை ஓராண்டு கழித்து, இயந்திரம் ஓடிய நேரத்தையும் பாதுகாப்பு அமைப்புகளையும் பார்த்துத் தரலாம். பட்டறைகளைப் புதிய இயந்திரம் வாங்கத் தூண்டும் பேராலைகள், குறைந்தது இரண்டாண்டுகளுக்கான குறைந்தபட்ச வேலையை எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். ஆண்டுக்குச் சில நாள்களே தேவைப்படும் பெரிய இயந்திரங்களைத் தொழிற்பேட்டைகளின் பொது வசதி மையங்களில் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம். ஒன்றிய அரசின் குறு, சிறு நிறுவனக் குழும மேம்பாட்டுத் திட்டத்தில் இதற்கு நிதியுதவி உண்டு. ஓய்வுபெற்ற இயந்திரப் பொறியாளர்களைக் கொண்டு, பழைய இயந்திரங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாட்டை மாவட்டத் தொழில் மையங்கள் தொடங்கலாம்.

பட்டறை உரிமையாளர் இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடந்த பன்னிரண்டு மாதங்களின் வேலைச் சீட்டுகளை எடுத்து, எந்தக் கனத் தகடு, எவ்வளவு நீளம், எத்தனை மடிப்பு, எத்தனை மணி நேரம் என்று ஒரு தாளில் எழுதட்டும். பத்தில் ஒன்பது வேலைகளுக்குப் போதுமான இயந்திரத்தை வாங்கி, எஞ்சிய ஒன்றை வெளியே கொடுத்து வாங்கட்டும். பிறகு விலைப்பட்டியலோடு அந்தத் தாளையும் வங்கி மேலாளரிடம் காட்டட்டும். மேலாளரும் அந்தத் தாளைக் கேட்காமல் கடன் தரக்கூடாது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).